எல்லோரும் “சரிம்மா” என்கிறார்கள், வேலைதான் நடப்பதில்லை

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு தனியார் அரிசி ஆலையில் பத்தாண்டுகள் கணக்கு எழுதிவந்த நான், சென்ற தை மாதம் மேற்பார்வையாளராக உயர்த்தப்பட்டேன். என் பொறுப்பில் உள்ள 18 பேரில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்கிறார்கள். மறுநாள் பார்த்தால் வேறு விதமாக நடந்திருக்கிறது. அண்மையில், “புழுங்கல் நெல்லில் ஈரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இரவு ஷிப்ட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அதை அப்படியே அரவைக்கு விட்டுவிட்டார்கள். குருணை கூடிப்போய், முதலாளியிடம் ஏச்சு வாங்கியது நான். குரலை உயர்த்தினால்தான் கேட்பார்களா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: குரலை உயர்த்த வேண்டியதில்லை, “பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற சொல்லை விட்டுவிட்டால் போதும். அன்றிரவு டிரையரில் நின்றவர் நீங்கள் சொன்னபடியே பார்த்திருப்பார்: ஒரு பிடி நெல்லை அள்ளி, இரண்டு மணியைப் பல்லில் கடித்து, காய்ந்துவிட்டது என்று முடிவு செய்திருப்பார். இதைக் கீழ்ப்படியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மேட்டூரில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால், நம் பக்கத்து விவசாயி அதோடு விடுவாரா? 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது, வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள், கல்லணைக்கு என்றைக்கு வந்து சேரும் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் நாற்றங்காலைப் பற்றியே யோசிப்பார். ஆலைக்குள்ளும் பேச்சு அப்படி இருக்கட்டும். “இரண்டாவது டிரையரில் இப்போது 18 சதவீதம் ஈரம் இருக்கிறது, மீட்டரில் 14க்கு இறங்கிய பிறகுதான் அரவைக்கு விட வேண்டும், இறங்காவிட்டால் எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லுங்கள். இதில் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் மேற்பார்வையாளரை எழுப்பலாமா என்று தயங்குகிற மனிதர், தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

இனி அந்த “சரிம்மா.” அது உங்களுக்குக் காட்டும் மரியாதை, புரிந்துகொண்டதற்குச் சாட்சி அல்ல. இதை அறியாமல், ஓர் அலுவலகத்தில் தலையாட்டல்களை நம்பியே நான் பல ஆண்டுகள் காலம் தள்ளியிருக்கிறேன். அதற்காக “புரிந்ததா?” என்று கேட்டுவிடாதீர்கள், வயதில் மூத்தவர்களுக்கு அது பள்ளிக்கூடத்துக் கேள்வியாகப் படும். “அண்ணே, ராத்திரி கரண்ட் போனால் இந்த நெல்லை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அதற்கு “சரி” என்று பதில் சொல்ல முடியாது. அவர் சொல்லும் பதிலில் உங்களுக்குத் தெரியாத தொழில் நுணுக்கம் ஒன்று இருக்கவும் கூடும்.

நடந்த தவறைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால், ஈரத்தின் அளவைச் சொல்லாமல் போனது உங்கள் பிழை என்பதை மட்டும், ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். புளோயர் இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. டிரையர் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, எண்ணைச் சாக்பீஸால் எழுதிவைப்பது மேல்.

கேள்வி: டீ குடிக்கும் நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்தால் மதிப்புக் குறைந்துவிடுமா? (அதே வாசகி)

பதில்: குறையாது. எந்த லாரி நெல் மழையில் நனைந்து வந்தது என்பதை லோடுமேன்கள் அங்கேதான் பேசிக்கொள்வார்கள்.