பட்டுப்புழுக்கள் கட்டிய கலைக்கூடம் என்கிறார்களே, அது எப்படி?

உயிரியலையும் வடிவமைப்பையும் சேர்த்து, பார்வையாளர் உள்ளே போய் நின்று அனுபவிக்கும்படி அமைக்கிற கலைப்படைப்பு இது. அருமையான உதாரணம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வகத்தில், வடிவமைப்பாளர் நெரி ஆக்ஸ்மனின் குழு 2013-ல் உருவாக்கிய 'சில்க் பெவிலியன்' (பட்டுக் கூடம்).

முதலில் ஓர் இயந்திரம் 26 சட்டங்களில் பட்டு நூலை இழுத்துக் கட்டியது. அவற்றை இணைத்துக் குவிமாடம் போலத் தொங்கவிட்டு, அடி விளிம்பில் 6,500 பட்டுப்புழுக்களை விட்டார்கள். இடைவெளிகளை அவையே நூற்று நிரப்பின.

சரி, புழு ஏன் கூடு கட்டவில்லை? கூடு கட்ட, பிடிமானமாகக் கொஞ்சம் உயரமான ஒன்று அதற்கு வேண்டும். அவரைக்கொடி கொம்பு நட்டால் ஏறும், இல்லாவிட்டால் தரையில் படரும் அல்லவா? அப்படித்தான், உயரம் கிடைக்காத புழு தட்டையாகவே நூற்கிறது. வெளிச்சத்தை விட்டு நிழலுக்கு நகர்வதும் அதன் இயல்பு. அதனால் பட்டு ஓரிடத்தில் கெட்டியாகவும் இன்னோரிடத்தில் மெல்லிசாகவும் படிந்தது. இந்தப் படைப்பின் உண்மையான அழகு எனக்கு அதில்தான் தெரிகிறது.

புழுக்களைக் கொன்றுதான் இதைச் செய்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டோடு வேகவைப்பது வழக்கமான பட்டுத் தொழிலில்தான், இங்கே நூற்று முடித்த புழுக்களை எடுத்துவிட்டார்கள், அவை அந்துப்பூச்சிகளாகவும் மாறின.