பொங்கல் ஏன் மதியம் வரை நிற்கிறது?

கேள்வி: இட்லி சாப்பிட்டால் என் கணவருக்குப் பத்தரைக்கே பசிக்கிறது. நெய்ப் பொங்கல் என்றால் மதியம் வரை நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறார். இரைப்பை பலவீனமா? செரிமான மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பலவீனம் இல்லை, அம்மா. கீழே இருக்கும் சிறுகுடல் 'பொறு' என்கிறது. இரைப்பை அதற்குக் கட்டுப்படுகிறது.

எண்டோஸ்கோப்பி செய்யும்போது நான் அநேகமாக தினமும் பார்க்கும் இடம், இரைப்பையின் அடிவாசல். இளஞ்சிவப்பு நிறத்தில், சுருக்குப்பையின் வாய் போல் குவிந்திருக்கும். இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி, உணவை அரைத்து இந்த வாசலுக்குத் தள்ளும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு நொறுங்கிய துகள்களே பெரும்பாலும் வெளியேறும். மற்றவை திரும்ப அரைபடப் போகும்.

வாசலுக்கு அப்பால் என்ன விழுந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த தவணை இறங்கும். மாவுச்சத்தும் புரதமும் கூட வேகத்தைக் குறைக்கும். ஆனால் கொழுப்பின் பிடிதான் இறுக்கமானது. நெய் கொழுப்பு அமிலமாக உடைந்ததும், குடல் சுவரிலிருந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1928இல் ஐவி, ஓல்ட்பர்க் என்ற இருவர் பித்தப்பையைச் சுருக்கும் பொருளாகத்தான் இதைக் கண்டார்கள். இதே ஹார்மோன், மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பு வழியாக இரைப்பையையும் அடக்குகிறது: மேல்பகுதி தளர்ந்து விரிகிறது, கீழே அரைப்பு ஓய்கிறது, வாசல் இறுகுகிறது. பித்தநீரும் கணையநீரும் நெய்யோடு கலந்து வேலை பார்க்க அவகாசம் வேண்டுமே! கொழுப்பு கொஞ்சம் தப்பிச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய்விட்டால், அங்கிருந்தும் ஒரு தடை வரும்.

எனவே மாத்திரை வேண்டாம். சோடாவும் வேண்டாம், ஏற்கெனவே விரிந்திருக்கும் இரைப்பையில் காற்றையும் நிரப்பாதீர்கள். இதைப் பலரும் செய்வதைப் பார்த்து வருந்துகிறேன். பொங்கலில் நெய்யைப் பாதியாக்குங்கள். முந்திரியும் அதை வறுத்த நெய்யும் அந்தக் கணக்கில் சேரும்.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பல ஆண்டுகளாக இருந்தால் அந்த வேகஸ் நரம்பே பழுதாகி, இட்லிகூட இறங்காமல் நிற்கலாம். இட்லிக்குப் பத்தரை மணிக்கே பசிப்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. ஆனால் முந்தைய நாள் சாப்பிட்டது வாந்தியில் வந்தாலோ, எடை குறைந்தாலோ, உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.