பழைய ஆட்டோகேடில் கமாண்ட் தட்டினால் ஏன் எடுப்பதில்லை?

பிளான் வரைகிற ஆட்டோகேட் சாஃப்ட்வேரின் 2007 பதிப்பில் எல் தட்டினால் கோடு வராமல் 'அன்னோன் கமாண்ட்' என்கிறது, அளவுகளும் தப்பாகப் போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு கீபோர்டை மாற்றாதீர்கள். முதலில் டாஸ்க்பாரில் மொழி தமிழில் நிற்கிறதா என்று பாருங்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் எங்கள் ஆபீஸில் வீட்டு பிளானில் 'பூஜை அறை' என்று தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துவிடுவோம், அப்புறம் எல் விசையில் தமிழ் எழுத்துதான் விழும், பாவம் சாஃப்ட்வேருக்கு என்ன புரியும்? இடது ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளவுக் குழப்பம் வேறு கதை. 2006 பதிப்பில் வந்த டைனமிக் இன்புட், அதாவது கர்சர் பக்கத்திலேயே எண்ணைத் தட்டுகிற வசதி, செய்கிற வேலை அது. முதல் புள்ளிக்கு அப்புறம் 20,30 என்று தட்டினால் அதை ஆரிஜினிலிருந்து (0,0 புள்ளி) எடுக்காமல் முந்தைய புள்ளியிலிருந்து அளக்கும். பழைய பழக்கத்தில் தட்டுகிறவருக்கு சுவர் எங்கேயோ போய் நிற்கும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'டைன்' பட்டனை அணையுங்கள், இல்லையென்றால் எண்ணுக்கு முன்னால் ஹாஷ் (#) போடுங்கள். நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

முடிந்த கமாண்டே திரும்பத் திரும்ப வந்தால் ஸ்பேஸ் பாரைத் தூக்கிப் பாருங்கள். இதில் ஸ்பேஸும் என்டர் மாதிரிதான். எங்களுடையதில் டீ கொட்டி ஒட்டியிருந்தது.