கண்மாயில் இறங்கினால் அரிப்பு: நத்தையா கடிக்கிறது?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மழைக்குப் பிறகு கண்மாயில் மாடு குளிப்பாட்டி ஏறினால், முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக அரிக்கிறது. கடலில் இறங்கினால் ஒன்றுமில்லை. நத்தை கடிக்குது என்கிறார்கள். பசு ஒன்று கொர் கொர் என்று மூச்சு விடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?"

இருக்கலாம். ஆனால் நத்தை கடிப்பதில்லை. அது வாடகை வீடு. குடியிருப்பது மாட்டின் இரத்தக் குழாயில் வாழும் தட்டைப்புழுவின் குஞ்சு.

பாசியில் ஒட்டிக் கிடக்கும், தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தையைப் பாருங்கள். நசுக்கினால் சிவப்பாகக் கசியும். அதற்கும் நம்மைப் போல ஹீமோகுளோபின் உண்டு. இந்தோபிளானார்பிஸ் என்று பெயர். நல்ல தண்ணீர் நத்தை, கடலில் இருக்காது.

மாட்டின் சாணியோடு, அல்லது மூக்குச்சளியோடு புழுவின் முட்டை தண்ணீரில் விழும். பொரித்து வரும் மிராசிடியம் என்ற குஞ்சு உடம்பெல்லாம் மயிரிழை துடிக்க நீந்தும். ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் நத்தையின் மெல்லிய சதையைத் துளைத்து நுழைய வேண்டும். நுழைந்ததும் மயிரிழைகளை உதிர்த்துவிட்டு வெறும் பையாகிவிடும். அதுதான் ஸ்போரோசிஸ்ட். வாய் கிடையாது, குடல் கிடையாது. நத்தையின் சத்தைத் தோல் வழியே உறிஞ்சும். தாய்ப்பைக்குள் மகள் பைகள் உருவாகி, நத்தையின் செரிமானச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அங்கே அவற்றுக்குள் செர்கேரியா என்ற வால் பிளந்த குஞ்சுகள் விளையும். தோலைத் துளைப்பவை இவைதான். நுழைந்தது ஒன்று, வெளியேறுவது ஆயிரக்கணக்கில். அத்தனையும் ஆண், இல்லையேல் அத்தனையும் பெண்! இதற்குச் சில வாரங்கள் ஆகும். நத்தைக்கோ முட்டையிடும் தெம்பே குறைந்துபோகும்.

வெளிச்சம் பட்டால்தான் இவை பெரும்பாலும் வெளியே வரும். பத்து நத்தைகளைக் கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீரில் விட்டு, வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் தூசி போல வெள்ளைப் புள்ளிகள் துள்ளலாம். விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாட்டுக்கான புழு உங்கள் தோலுக்குள் நுழைந்தால் அங்கேயே செத்துவிடும். அதை உடம்பு எதிர்ப்பதுதான் அரிப்பு. முதல் தடவை லேசாக இருக்கும், அடிக்கடி இறங்குபவருக்குத்தான் கடுமை. கலாமைன் தடவுங்கள், சொறியாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். சீழ், காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போங்கள். ஆப்பிரிக்காவில் சிறுநீரில் இரத்தம் வரவைப்பது வேறு புழு. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். வாத்து விட்டால் நத்தையைத் தின்னும், சரி. ஆனால் நீர்ப்பறவைகளின் இரத்தப்புழுவும் இதே அரிப்பைத் தரும். நான் சொல்வது, மாட்டைக் கண்மாயில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். முட்டை விழாவிட்டால் நத்தை வெறும் நத்தைதான்.

அப்புறம் அந்தப் பசு. மூக்குச்சளியைக் கால்நடை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கட்டும். நம் சீமையின் எறி ஆயுதமான வளரி போல வளைந்த முட்டை தெரிந்தால், மூக்கின் இரத்தக் குழாயில் வாழும் புழு அது. கொர் கொர் மூச்சுக்கும் அதுதான் காரணம். எடை பார்த்து அவரே மருந்து கொடுப்பார்.