கேள்வி: நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை எதற்கெடுத்தாலும் "எனக்கு வராது" என்கிறது. என்ன செய்வது?

உங்கள் பிள்ளையும் விடை தெரிந்தே வாயை மூடிக்கொள்ளும் ரகம் என்று நினைக்கிறேன். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், ஏழாம் வகுப்பு. போன வருடம் வரை, சரியாகப் போட்ட கணக்கையே அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்துவிடும்.

தப்பு என் மேல்தான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டு ராமானுஜன்" என்று பீற்றிக்கொண்டேன். மூன்றாம் வகுப்பில், ஒரு காதுகுத்து வீட்டில், எல்லோர் முன்னாலும் பெருக்கல் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எது கேட்டாலும் "தெரியலம்மா"தான். 1998இல் முல்லர், டுவெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்த முறை சுலபமான புதிர்களையே தேடுவதைக் கண்டார்கள். படித்தபோது சுருக்கென்றது. நான் உளவியல் படித்தவள் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன மார்கழியில் ஒருநாள் 15 புள்ளி, இடுக்கில் 8 வரை, சிக்குக் கோலம் (நடு வரிசையில் 15, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைந்து 8 வரை). பாதியில் கம்பி மாறிவிட்டது. காலால் தேய்த்து அழித்துவிட்டு, மறுபடி புள்ளி வைக்க ஆரம்பித்தேன். (கோலத்தைக் காலால் அழிக்கலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.) படியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவள், "தப்பாப் போட்டதை எல்லாரும் பார்ப்பாங்களேம்மா?" என்றாள்.

"பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, மொத்தம் 169 புள்ளி. 13ஐ 13ஆல பெருக்கினாலும் அதான் வருது" என்றாள். உடனே, "தப்பா இருக்கும்" என்று போர்வைக்குள் போய்விட்டாள்.

வாய் வரை வந்த 'ராமானுஜனை' விழுங்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுடி, எண்ணுவோம் வா" என்றேன். எனக்கு 168 வந்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. சாயங்காலம் ரஃப் நோட்டைக் காட்டினாள். ஒற்றைப் புள்ளி 1, அடுத்து 3-2 கோலத்துக்கு 7, 5-3க்கு 19, 7-4க்கு 37. வரிசையாகக் கூட்டினால் 1, 8, 27, 64. எல்லாம் கன எண்கள் (1×1×1, 2×2×2, 3×3×3, 4×4×4). எல்லாமே பேனாவால் எழுதியது. 37ஐ முதலில் 36 என்று எழுதி, ஒரே கோடாக அடித்திருந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வகுப்பில் இன்னும் கை தூக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே குழந்தைகள் பகுதியில் யாரும் மார்க் கேட்பதில்லை. எங்கள் வேன்காரர் கேட்கிறார்! அத்தனை பிள்ளைகள் முன்னால், "என்ன பாப்பா, எத்தனாவது ரேங்க்?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை எதிரில் நீங்கள் எதையாவது தப்பாகச் செய்து, அழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். நடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு நடிக்கவே தேவைப்படவில்லை. ஜூன் மாதம் வாங்கிக் கொடுத்த ரப்பர் இன்னும் பாதி இருக்கிறது.