ஓநாய் ஆட்டை அடித்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். 60 செம்மறி, 12 வெள்ளாடு வைத்திருக்கிறேன். ஒரே மாதத்தில் மூன்று குட்டிகள் காணாமல் போய்விட்டன, போன வாரம் ஒரு தாயாடு கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தது. ஆடு மேய்க்கும் பையன் ஓநாயைப் பார்த்ததாகச் சொல்கிறான். வனத்துறையிடம் சொன்னால் நம் மேலேயே கேஸ் வரும் என்று ஊரில் தடுக்கிறார்கள். வெளிநாட்டில் ஓநாயைச் சுட அனுமதி கொடுத்துவிட்டார்களாமே, இங்கே மனு கொடுத்தால் கிடைக்குமா? நஷ்டஈடு உண்டா? மின்வேலி போடலாமா?

பதில்:

சுடுவதற்கு அனுமதி கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்காக அலையும் நாட்களில்தான் நஷ்டஈட்டுக்கான வாய்ப்பு கைவிட்டுப் போகிறது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, அதன்பிறகு நரியும் கழுதைப்புலியும்கூட அங்கேதான். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே எழுதி வைத்திருப்பதால், குற்றம் நிரூபணமானால் ‘ஏழை விவசாயி, பார்த்துச் செய்யுங்கள்’ என்று கேட்டு அபராதத்தோடு முடித்துக்கொள்ள வழி இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வது துப்பாக்கியை மட்டும் அல்ல. விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, இதில் எதற்காவது முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். அதாவது ஓநாய் சாகாவிட்டாலும் கேஸ் உண்டு. குகையில் புகை போட்டுக் குட்டிகளை வெளியே இழுக்கிற பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது, அதுவும் இதே கணக்குத்தான். நாட்டுத்துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டம் தனியாக வரும். செத்த ஆட்டின் மேல் குருணைப் பூச்சிமருந்தைத் தூவி வைப்பவர்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது: அதை ஓநாய் மட்டும் தின்னாது. உங்கள் பட்டி நாய் தின்னும், பக்கத்துத் தோட்டத்து நாய் தின்னும், கழுகும் பிணந்தின்னிக் கழுகும் தின்னும். விஷம் வைத்த ஒரு ஆட்டைச் சுற்றி வரிசையாகச் செத்துக் கிடந்த பறவைகளைக் கால்நடை மருத்துவராக என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அப்படியானால் ஓநாயைக் கொல்ல யாருக்குமே அதிகாரம் இல்லையா என்றால், இருக்கிறது. மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி உத்தரவு போடலாம். ஆனால் முதல் அட்டவணை விலங்குக்கு அவர் பார்க்க வேண்டியது இரண்டே காரணங்கள்: மனித உயிருக்கு ஆபத்து, அல்லது குணப்படுத்த முடியாத அளவுக்கு ஊனமோ நோயோ. அதிலும் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வேறு இடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது என்று உறுதியான பிறகுதான் கொல்லச் சொல்லலாம். ‘சொத்துக்கு ஆபத்து’ என்ற காரணம் இரண்டாம் அட்டவணை விலங்குகளுக்குத்தான். ஆடு சட்டத்தின் கண்ணில் சொத்து. 2024இல் உத்தரப் பிரதேசம் பகராயிச்சில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்று கொன்றபோது, பிடிக்க முடியாவிட்டால் சுடலாம் என்று உத்தரவு வந்தது இந்த வழியில்தான். ஆட்டுக்காக அப்படி ஒரு உத்தரவு வராது. அதே பிரிவில், உங்களையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தது குற்றம் ஆகாது என்றும் இருக்கிறது, அது மனித உயிருக்கு மட்டும். ஆட்டைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்பது வாதமாக நிற்காது.

வெளிநாட்டு விஷயம் நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. ஐரோப்பாவில் வன உயிரினங்களைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி ‘கண்டிப்பான பாதுகாப்பு’ பட்டியலில் இருந்த ஓநாயை, 2024 டிசம்பரில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரு படி கீழான பட்டியலுக்கு மாற்ற வாக்களித்தார்கள். 2025இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. அதனால் அந்த நாடுகள் விரும்பினால் வேட்டைக்கு ஒரு அளவு வைத்து அனுமதிக்கலாம், ஆனால் ஓநாய் எண்ணிக்கை நல்ல நிலையில் இருப்பதை உறுதிசெய்யும் கடமை அப்படியே நீடிக்கிறது. கண்டவர் எல்லாம் சுடலாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்புறம், அங்கே ஒன்றிய நாடுகளில் 20,000க்கு மேல் ஓநாய்கள் இருக்கின்றன. நம் இந்திய ஓநாய், இந்தியா முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 3,000தான். அவற்றில் பெரும்பாலானவை சரணாலயத்துக்குள் இல்லை, தரிசிலும் புதர்க்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஆட்டுக்காரர்கள் நடுவிலேயே வாழ்கின்றன. அந்த 3,000 இன்னும் மிச்சமிருப்பதற்கு உங்களைப் போன்றவர்களின் பொறுமையும் காரணம் என்று நான் நம்புகிறேன், அந்தப் பொறுமைக்கு அரசு உரிய பணத்தைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்றும் நம்புகிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம்.

வனத்துறையிடம் சொன்னால் கேஸ் வரும் என்ற பயம் தேவையில்லை. உங்கள் ஆட்டைக் காட்டு விலங்கு அடித்தது என்று புகார் சொல்வது குற்றமில்லை, அது உங்கள் உரிமை. காட்டு விலங்கு கால்நடையைக் கொன்றால் தமிழ்நாட்டில் வனத்துறை வழியாக இழப்பீடு உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், முதல் நாளிலேயே நாம் செய்கிற தவறுகளில். ஆடு செத்தது தெரிந்தவுடன் இழுத்துப் போட்டுவிடுகிறோம், அல்லது புதைத்துவிடுகிறோம், சில வீடுகளில் கறியாகவே போய்விடும். மூன்று நாள் கழித்து என்னிடம் ஒருவர் போட்டோ மட்டும் கொண்டுவந்து சான்று கேட்டார். கழுத்தில் ரத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். எது கடித்தது, கடித்தபோது ஆடு உயிரோடு இருந்ததா என்று எதை வைத்து நான் எழுத முடியும்? அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் சான்று கொடுக்க முடியாமல் அனுப்பினேன்.

ஆகவே உடலை நகர்த்தாதீர்கள். கிடந்த இடத்திலேயே தார்ப்பாயால் மூடி ஓரத்தில் கல் வையுங்கள், நாயும் காக்கையும் தொடாமல் இருக்கும். மூடுவதற்கு முன் போனில் படம் எடுங்கள்: முழு உடல், கழுத்துக்குக் கிட்டே, காதுத் தோடு (காதில் மாட்டிய அடையாள எண் வில்லை), சுற்றி இருக்கும் காலடித் தடம், பின்னால் ஏதாவது அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்று. தடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். உடனே வனக்காப்பாளருக்கோ வனவருக்கோ போன் செய்யுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள், கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள். அன்றைக்கே வனச்சரக அலுவலருக்கு எழுத்தில் ஒரு மனு. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எந்த இடம், சர்வே எண், எத்தனை ஆடு, என்ன வயது, சினையா என்று இரண்டு பத்தி போதும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தாமதம் யாருடையது என்ற கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் பேசும். பிரேதப் பரிசோதனையை அரசு கால்நடை உதவி மருத்துவர் செய்து சான்று தருவார். பிழைத்துக் கிடக்கிற ஆட்டுக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும்.

பரிசோதனையில் நாங்கள் முதலில் பார்ப்பது கழுத்துத் தோலை உரித்து அடியில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்றுதான். இருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. பல் பட்ட ஓட்டை மட்டும் இருந்து அடியில் ரத்தக்கட்டு இல்லையென்றால் ஆடு வேறு ஏதோ காரணத்தில் செத்த பிறகு விலங்கு தின்றிருக்கிறது, அதற்கு இழப்பீடு வராது. இதைப் பார்க்கிறேன் என்று நீங்களே கத்தியை எடுத்துவிடாதீர்கள். கடித்த காயம் இல்லாமல் திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம், அந்த உடலைத் திறக்கவே கூடாது, மனிதருக்கும் ஒட்டும்.

அடுத்தது, அது ஓநாய்தானா என்ற கேள்வி. இதை நான் கேட்பது பையனை நம்பாமல் அல்ல. எந்த விலங்கு என்பதைப் பொறுத்துத்தான் எந்த அலுவலகம் என்பதே முடிவாகிறது. தெருநாய்க் கூட்டம் அடித்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் ஆடுகள் காயப்பட்டிருக்கும், பின்னங்கால், தொடை, காது என்று கண்ட இடத்தில் பிய்த்திருக்கும், கறியைத் தின்னாமலே விட்டிருக்கும். ஓநாய் ஒன்றைக் குறிவைக்கும், கழுத்தைப் பிடிக்கும், சின்னக் குட்டி என்றால் தடயமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடும். சிறுத்தையும் கழுத்தைத்தான் பிடிக்கும், ஆனால் புதருக்குள் இழுத்துப் போன தடம் தெரியும். உங்கள் கதையில் குட்டிகள் அப்படியே மறைந்ததும் தாயாட்டின் கழுத்துக் கடியும் ஓநாய்க்குப் பொருந்துகின்றன, ஆனால் அடித்துச் சொல்ல அவ்வளவு போதாது. பையனிடம் வாலைக் கேளுங்கள். ஓநாயின் வால் தொங்கும், நாய் மாதிரி மேலே சுருளாது. நரியைவிட நன்றாக உயரம், கால் நீளம், உடம்பு ஒட்டியிருக்கும். உங்கள் பக்கத்துக் கன்னடம் பேசும் ஆட்டுக்காரர்கள் தோளா என்று சொல்வது இதைத்தான், அவர்களில் வயதானவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். நாய் என்று தெரிந்தால் மனு வனத்துறைக்கு இல்லை. காங்கேயம், சென்னிமலைப் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளோடு தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு தெருநாய் கடித்துச் சாகும் ஆடு, மாடு, கோழிக்கும் அரசு தனியாக இழப்பீடு அறிவித்தது. அதற்கு ஊராட்சி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் போங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆடு எந்த இடத்தில் செத்தது? பட்டா நிலத்திலோ தரிசிலோ என்றால் பிரச்சினை இல்லை. காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் உங்கள் பக்கத்தில்தான் வருகின்றன. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சரணாலயத்துக்குள் மேய்ந்த ஆடு அடிபட்டால் இழப்பீடு கேட்பது மிகவும் கஷ்டம், மேய்த்ததற்கே கேள்வி வரும். ஊரில் பெரியவர்கள் பயப்படுவது இதனால் இருக்கலாம். எல்லை எங்கே போகிறது என்று வனவரிடமே காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

இழப்பீட்டுத் தொகை சந்தை விலைக்கு ஈடாகாது, கைக்கு வர மாதங்களும் ஆகும். அதனால் கால்நடைக் காப்பீடும் எடுத்து வையுங்கள். 12 இலக்கக் காதுத் தோடு இல்லாத ஆட்டுக்குக் காப்பீட்டில் பேச்சே இல்லை. பத்திரத்தில் காட்டு விலங்கு தாக்குதல் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மின்வேலியில் மிகவும் கவனம் வேண்டும். வீட்டு மின்சாரத்தையோ கம்பத்து மின்சாரத்தையோ நேராகக் கம்பியில் விடவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார், இரண்டு குட்டி யானைகள் தாயில்லாமல் நின்றன. சூரிய மின்வேலி வேறு, அதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும், அடித்தால் வலிக்கும், கொல்லாது. ஆனால் அதற்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் விதிகள் இருக்கின்றன. காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையில் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டால் அடிக் கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. ஓநாய் வேலியைத் தாண்டுவதைவிடக் கீழே நுழையத்தான் முதலில் பார்க்கும்.

உண்மையில் உங்கள் அளவு மந்தைக்கு நல்ல ராத்திரிப் பட்டி போதும். ஆறடி உயரத்துக்குச் சங்கிலிக் கம்பி வலை, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, வெளியே வேலிக்கருவை முள்ளை நெருக்கமாக அடுக்குங்கள். குட்டிகளை மேலேயும் மூடிய கூட்டில் அடையுங்கள், ராத்திரி ஆள் படுக்கிற இடம் குட்டிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வயலில் கிடை போடும் நாட்களில் வெறும் வலையை நம்பாதீர்கள். செத்த ஆட்டையும் பிரசவக் கழிவையும் பட்டிக்குப் பக்கத்தில் வீசுவதை இன்றோடு நிறுத்திவிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள் (விலங்கு அடித்த ஆடு என்றால் பரிசோதனை முடிந்த பிறகுதான்), அந்த வாடைதான் முதலில் கூப்பிடுகிறது. பனிக்காலத்தில் ஓநாய் குட்டி போட்டு வளர்க்கும், அந்த மாதங்களில் தீனித் தேவை அதிகம், உங்கள் ஆடுகளும் அப்போது ஈன்றால் இழப்பு கூடும். அந்தச் சமயத்தில் மட்டும் சினையாடு, நொண்டி ஆடு, சின்னக் குட்டிகளைப் புதர்ப் பக்கம் ஓட்டாமல் வீட்டிலேயே தழை போட்டுப் பாருங்கள்.

நாய் வையுங்கள், குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்த நாயாக, ஒன்றல்ல இரண்டாக. இமயமலைப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நாயின் கழுத்தில் ஆணி வைத்த இரும்புப் பட்டை மாட்டுவார்கள், அதை நம் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். வெறிநாய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள், அது உங்களுக்கும் நல்லது ஓநாய்க்கும் நல்லது. வெறி பிடித்த ஓநாய் மனிதர் மேல் நேராக வந்து பாயும். பையனுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: ஓநாய் தெரிந்தால் ஓடாமல் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தம் போட வேண்டும், ஓநாயைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து ஆடுகளோடு சேர வேண்டும். நாயோ நரியோ ஓநாயோ கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள் பொடி எதுவும் வைக்கக் கூடாது.

போன வாரம் செத்த தாயாட்டுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் கையில் இருக்கிற படங்களோடு, காணாமல் போன மூன்று குட்டிகளையும் தேதி போட்டு எழுதி, நாளைக்கே வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுங்கள். அதற்குப் பணம் வராமல் போகலாம். ஆனால் இந்த இடத்தில் தாக்குதல் நடக்கிறது என்று பதிவாகிவிட்டால், ரோந்து வரச் சொல்லியும் தானியங்கிக் கேமரா வைக்கச் சொல்லியும் கேட்கலாம், அடுத்த மனுவுக்கும் அது துணையாக நிற்கும்.