24 மணி நேரம் தனியாகச் சைக்கிள் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. நால்வர் குழுவில் ஒருவனாக 24 மணி நேர மலைச் சைக்கிள் போட்டிகளில் நான்கு ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு முதன்முறையாக 12 மணி நேரப் போட்டியில் தனியாக ஓட்டினேன். நீர் வற்றிவிடக் கூடாது என்பதற்காகத் தாகம் இல்லாதபோதும் கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தேன். முதுகுவலிக்கு இபுபுரூஃபன் மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டேன். ஒன்பதாவது மணி நேரத்தில் தலைவலியும் குமட்டலும் தொடங்கின. முடித்த பிறகு இரண்டு முறை வாந்தி எடுத்தேன். புறப்படும்போது 71 கிலோவாக இருந்த எடை, முடிந்ததும் 72 ஆகியிருந்தது. வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. அடுத்ததாக 24 மணி நேரத் தனிநபர் பிரிவுக்குப் பெயர் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். விரல்களைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் எழுதியுள்ள எடைக் கணக்குதான்.

பன்னிரண்டு மணி நேரம் மேடு பள்ளங்களில் ஓட்டியவரின் எடை ஓரளவு குறைந்திருக்க வேண்டும். வியர்வையாக வெளியேறுவது ஒருபுறம் இருக்க, தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் எரிந்து தீர்வதாலும் எடை இறங்கும். அப்படியிருக்க உங்கள் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது என்றால், உடலுக்குத் தேவையானதைவிட ஒரு லிட்டருக்கும் அதிகமான நீர் உள்ளே தங்கியிருந்தது என்று பொருள். நீண்ட உழைப்பும் வலியும் குமட்டலும் சேரும்போது, சிறுநீரைக் குறைத்து நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோனின் வேலையை இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் மேலும் கூட்டிவிடுகின்றன. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய ரத்த சோடியம் இதனால் நீர்த்துப்போகிறது. மூளைச் செல்களுக்குள் நீர் புகுந்து வீக்கம் ஏற்படுகிறது. தலைவலியும் வாந்தியும் அதன் தொடக்கம்; குழப்பமான பேச்சும் வலிப்பும் அடுத்த கட்டம். அன்று ரத்தம் எடுத்துப் பார்க்காததால் நான் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், உங்கள் விவரங்கள் அனைத்தும் இதையே சுட்டுகின்றன.

வெயிலில் களைத்தவருக்கும் இதே தலைவலியும் வாந்தியும் வரும் என்பதால், அருகில் இருப்பவர்கள் நல்லெண்ணத்துடன் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவதுண்டு. ஆகவே புறப்படும் முன் எடுத்த எடையை ஒரு சீட்டில் எழுதி உதவியாளரிடம் கொடுத்து வையுங்கள். எடை கூடி, தலைவலியும் வாந்தியும் இருந்தால், தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவ முகாமுக்குச் செல்ல வேண்டும். நிலை தீவிரமாக இருந்தால் அங்கே 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில் ஏற்றுவார்கள். விளையாட்டுப் பானங்களிலும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. அவற்றை அளவுக்கு மீறிக் குடித்தாலும் இதே ஆபத்துதான். தாகத்துக்குக் குடியுங்கள், கடிகாரத்துக்குக் குடிக்காதீர்கள். போட்டி நாளில் இபுபுரூஃபனை அறவே தவிருங்கள்; நீர் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும்.

இனி விரல்களுக்கு வருவோம். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டு விரல் பக்கமாக அல்நார் நரம்பு ஒரு குறுகிய வழியில் செல்கிறது. ஹேண்டில்பாரில் உடல் எடையைச் சாய்த்து, கற்களின் அதிர்வை மணிக்கணக்கில் வாங்கும்போது அது நசுங்குகிறது. புறங்கையின் சுண்டு விரல் பக்கமும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் அல்ல, பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள்: கட்டை விரலை நீட்டி வைத்து, அதற்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளை இறுக்கிப் பிடியுங்கள், வேறொருவர் அதை இழுக்கட்டும். தாளை விடாமல் பிடிக்கக் கட்டை விரலின் நுனி மூட்டு தானாக மடங்கினால், உணர்வோடு தசையின் வலுவும் குறைந்திருக்கிறது. அந்நிலையில் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மரத்தல் மட்டும் என்றால் கைக்கு ஓய்வு கொடுத்தாலே பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது உடலை முன்னே தள்ளி, முழுப் பாரத்தையும் கைகளில் இறக்கிவிடும்.

நால்வர் குழுவில் நீங்கள் ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டிவிட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் இளைப்பாறுகிறீர்கள். வயிறும் கையும் அதற்குள் மீண்டுவிடுகின்றன. தனியாக ஓட்டும்போது அந்த இடைவெளி கிடையாது. மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தை ஏற்க வயிற்றைப் பயிற்சியிலேயே பழக்க வேண்டும். 60 கிராமைத் தாண்டும்போது குளுக்கோஸுடன் பிரக்டோஸும் கலந்திருக்க வேண்டும், ஏனெனில் இரண்டும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுகின்றன. நள்ளிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்திருக்கும். கண் அசந்தால் இறக்கத்தில் விழுவீர்கள். அப்போது 20 நிமிடம் படுத்து எழுவது தோல்வியே அல்ல.

சோடியம் குறையும்போதும் தூக்கம் கெடும்போதும் முதலில் மங்குவது தீர்மானிக்கும் திறன்தான். நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அதே ஆள்தான் என்பதே தனிப் போட்டியின் பெரிய சிக்கல். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் போன்ற இருவர் அணிப் போட்டியில், இணையர் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும் என்ற விதி உண்டு. அதனால் உங்கள் முகத்தைப் பார்க்கவும் பேச்சுக் குழறுவதைக் கவனிக்கவும் எப்போதும் ஒருவர் அருகில் இருப்பார். ஆகவே அடுத்த பருவத்தில் முதலில் இப்படி இருவரும் சேர்ந்தே ஓட்டும் போட்டியில் ஓட்டுங்கள். தனியாக ஓட்டும் நாள் வரும்போது, உங்களை நன்றாக அறிந்த ஒருவரை உதவியாளராக வைத்து, அவர் நிறுத்தச் சொன்னால் மறுபேச்சின்றி இறங்குவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம், ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். சோடியம் இப்போது இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால் அன்று சரியாக இருந்தது என்று ஆகாது. விரல்களில் உணர்வு முழுமையாகத் திரும்பிய பிறகு, மாத்திரை ஏதுமின்றி, முன்னும் பின்னும் எடை பார்த்து, இன்னொரு 12 மணி நேரப் போட்டியை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தைப் பற்றி அப்போது பேசுவோம். இடையில் எப்போதாவது நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் இறங்கினால், தசைச் சிதைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.